கல்வீடும் கம்பியில்லா இணையமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வானொலிப் பெட்டி வந்த காலத்தில் அதனோடு ஒரு நீண்ட கம்பியும் வந்தது. முற்றத்துத் தென்னை இரண்டுக்கு இடையே அக்கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நுனியை யன்னல் வழியே உள்ளே கொண்டுவந்து பெட்டியிற் பொருத்தினாலன்றிக் கொழும்பின் குரல் தெளிவாகக் கேளாது. கம்பியை எத்திசையிற் கட்டுவது, எவ்வளவு உயரத்திற் கட்டுவது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு நிபுணர் இருந்தார். 1990ஆம் ஆண்டுக்குப் பின், மின்சாரமும் பற்றரியும் அற்றுப்போன ஆண்டுகளில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு செய்தி கேட்டவர்களும் இவ்வூர் மக்களே. கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று வீட்டைத் தேடி வருகிறது, அதற்கு வழி அமைத்துக் கொடுத்தாலன்றி அது உள்ளே வாராது என்னும் உண்மையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும் அதே வீட்டில் இன்று கணினி மந்தமாகிவிட்டால், அந்தப் பழைய அறிவு ஏனோ நினைவுக்கு வருவதில்லை. "இணையம் சரியில்லை" என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

வலிகாமத்துப் பழைய கல்வீடு ஒன்றை மனத்திற் கொள்ளலாம். படலைப் பக்கமாக வந்த ஒளியிழைக் கம்பி முன் விறாந்தையில் முடிகிறது. கம்பி முடிந்த இடத்திலேயே, அதனைப் பொருத்த வந்தவர் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியையும் ஆணியடித்து மாட்டிவிட்டுச் சென்றார். கணினியோ சாமியறைக்கு அப்பால், உள்ளறையில் இருக்கிறது. க.பொ.த. உயர்தரம் படிக்கும் பேத்தி அதில்தான் பாடங்களைக் கேட்கிறாள். சனிக்கிழமை மாலையில் ரொறன்ரோவிலிருந்து மகன் அழைப்பதும் அதில்தான். விறாந்தையிற் கைத்தொலைபேசி தங்குதடையின்றி இயங்குகிறது. உள்ளறையில் மட்டும் திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்கிறது. கொள்ளுப்பேரனின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்க, "தம்பி, கேக்குதோ? தம்பி?" என்று கிழவி திரையைப் பார்த்துக் கேட்கிறாள். வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கூடிய வேகமுள்ள பொதி ஒன்றுக்கு மாறுகிறார். மாதக் கட்டணம் ஏறுகிறது. வட்டம் சுழல்வது நிற்கவில்லை.

தோட்டம் செய்வோர்க்கு இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். கிணற்றடியில் எவ்வளவு பெரிய இறைப்பு இயந்திரத்தைப் பூட்டினாலும், இடையில் வாய்க்கால் உடைந்திருந்தாற் கடைசிப் பாத்தி வெங்காயம் வாடத்தான் செய்யும். இணையமும் இரண்டு கட்டமாகவே வீட்டுக்குள் வருகிறது. ஊருக்கு வெளியேயிருந்து ரவுட்டர் வரை வருவது முதற்கட்டம். ரவுட்டரிலிருந்து கணினி வரை காற்று வழியே செல்வது இரண்டாவது; இதனையே வைஃபை என்கிறோம். கட்டணம் வாங்கும் நிறுவனம் பொறுப்பேற்பது முதற்கட்டத்துக்கு மட்டுமே. இரண்டாவது கட்டம் வீட்டுக்காரருடையது. பெரும்பாலான கல்வீடுகளில் வாய்க்கால் உடைந்திருப்பது இங்கேதான்.

எனவே செலவு செய்வதற்கு முன் செய்யவேண்டியது ஒரு சோதனை. கணினியை, அல்லது இரவல் பெற்ற மடிக்கணினி ஒன்றை, ரவுட்டருக்கு அருகே கொண்டுசென்று, வலையமைப்புக் கம்பி ஒன்றினால் நேரே இணைத்து, வேகம் அளக்கும் தளம் ஒன்றில் அளந்துகொள்ள வேண்டும். அதன்பின் கம்பியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைஃபை வழியே ஒருமுறையும், உள்ளறையில் இன்னொருமுறையும் அளக்க வேண்டும். கம்பியில் நல்ல வேகம், உள்ளறையிற் குறைந்த வேகம் என்றாற் பழி வீட்டின்மேல். கம்பியிலேயே வேகம் இல்லையென்றாற் பழி வெளியே. காலையிலும் மாலை ஏழு மணிக்கும் நள்ளிரவிலும் இவ்வாறு அளந்து ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், நிறுவனத்தோடு பேசும்போது வெறும் கோபத்துக்குப் பதிலாக எண்களைக் கொண்டு பேசலாம். எண்களைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை உண்டு. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கிற் சொல்கின்றன. கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட் கணக்கிற் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 மெகாபிட் பொதிக்கு நொடிக்கு 5 மெகாபைட் கிடைத்தால் அது சரியான கணக்கேயன்றி ஏமாற்று அன்று.

இனி வீட்டுக்குள் வரலாம். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பில் முறையாகத் தொடங்கிய வானொலியின் அலையும், ரவுட்டரின் அலையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. வேறுபாடு அளவில் உள்ளது. மத்திய அலையில் ஒரு மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஒலிபரப்பினால் ஓர் அலையின் நீளம் 300 மீற்றர். அத்தகைய அலைக்கு ஒரு வீடு தடையே அன்று. ஆற்று வெள்ளம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அது போய்விடும். வைஃபையின் அலையோ 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளமே உடையது. 5 கிகாஹேர்ட்ஸில் அதிலும் பாதி. ஒரு சாண் கூட இல்லாத அவ்வலைக்குச் சுவர் ஒரு மலை. அனுப்பும் வலுவும் அவ்வாறே. வானொலி நிலையங்கள் ஆயிரக்கணக்கான வாட் வலுவோடு ஒலிபரப்புகின்றன. வீட்டு ரவுட்டர் பத்தில் ஒரு வாட் அளவோடு முணுமுணுக்கிறது.

இந்த முணுமுணுப்பு எத்தகைய வீட்டிற் கேட்கவேண்டியிருக்கிறது என்பதே யாழ்ப்பாணத்துச் சிக்கல். சுண்ணாம்புக் கல்லை அடுக்கிச் சாந்து பூசிக் கட்டிய பழைய சுவர்கள் ஒரு முழத் தடிப்பிலும் இருக்கும். வெயிலை வெளியே நிறுத்தும் அச்சுவர் அலையையும் நிறுத்திவிடும். புதிய வீடுகளிற் சுவர் மெலிந்தாலும், மேல்தளத்துக் கொங்கிறீட்டுக்குள் இரும்புக் கம்பி வலைபோல ஓடுகிறது. ரவுட்டர் கீழேயும் கணினி மாடியிலும் இருந்தால், அவ்விரும்பையும் கொங்கிறீட்டையும் ஊடுருவிச் செல்லும் அலை பெரிதும் இளைத்துப் போகிறது. இரும்பு அலுமாரி, பின்புறம் உலோகப் பூச்சுள்ள நிலைக்கண்ணாடி, நீர் நிறைந்த தாங்கி ஆகியனவும் தடைகளே. மரக்கதவு, பனஞ்சிலாகை, மண்ணோடு ஆகியவை காய்ந்திருக்கும்வரை அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் ரவுட்டர் இவ்விடத்திற் பலருக்கு ஏமாற்றமளிப்பதும் இதனாலேயே. கனடாவில் வீட்டின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் அறைந்த மெல்லிய சாந்துப் பலகைகள். அங்கே மூன்று தளங்களுக்கும் போதுமானதாயிருந்த பெட்டி, இங்கே விறாந்தையிலிருந்து குசினியை எட்டுவதில்லை. பெட்டியிற் குறையில்லை, அது கல்வீட்டை அறியாது. இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டை பல தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இங்கே விற்கப்படும் ரவுட்டர்கள் 13 தடங்கள் வரை பயன்படுத்தக் கூடியவை. வட அமெரிக்காவில் விற்கப்படும் பல கருவிகள் 11 தடங்களையே அறியும். இங்குள்ள ரவுட்டர் தானாகவே 12ஆம் அல்லது 13ஆம் தடத்துக்கு மாறிவிட்டால், ரொறன்ரோவிலிருந்து வந்த மடிக்கணினிக்கு அந்த ரவுட்டர் இருப்பதே தெரியாது. விடுமுறைக்கு வந்த பிள்ளை கணினி பழுதென்று கடைக்குக் கொண்டோடும். தடத்தை 11க்குள் நிறுத்திவைத்தாற் போதும்.

ஆகவே முதல் மருந்து இடமாற்றம். அதற்குக் காசு வேண்டியதில்லை. சற்று நீளமான கம்பியும் ஆணியும் வேண்டும். வீட்டின் ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு ரவுட்டரைக் கொண்டுவருதல் நன்று. நிலத்திலும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலும், அலுமாரிக்குள்ளும் அதனை ஒளித்துவைத்தல் ஆகாது. வீட்டுப் பெண்கள் அழகு கருதி அதனை மறைக்க விரும்புவார்கள். அவ்விருப்பம் நியாயமானதே என்றாலும் அலை அதற்கு இணங்குவதில்லை. ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினால், சுவர் கூரையைத் தொடாத அறைகளில் அலை சுவருக்கு மேலாகச் சென்று இறங்கும். தலைவாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேராக அமைந்த வீடுகளில், அந்த நேர்கோட்டிலே வைத்தாற் கதவுகள் அலைக்கும் வாசலாகின்றன. நாற்சார் வீடு இவ்வகையிற் பேறு பெற்றது. நடுமுற்றத்தை நோக்கிய தூண் ஒன்றின் உச்சியில், மழைச் சாரல் படாத தாழ்வாரத்தின் கீழ் ரவுட்டரை மாட்டினால், திறந்த முற்றத்தைக் கடந்து நாலு பக்கத்து அறைகளுக்கும் அலை செல்லும். காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக முன்னோர் விட்ட வெளி, அவர்கள் எண்ணிப் பாராத ஒன்றுக்கும் இடங்கொடுக்கிறது.

ரவுட்டரின் மேலுள்ள குச்சிகளைக் கணினியை நோக்கி நீட்டிவைப்போர் உண்டு. அது தவறு. குச்சியின் நுனியிலிருந்து அலை புறப்படுவதில்லை. பக்கங்களிலிருந்தே அது பரவுகிறது. ஒரே தளமுள்ள வீட்டிற் குச்சி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரண்டு பட்டைகள் உண்டு. சிலவற்றில் அவை இரு பெயர்களாகத் திரையில் தோன்றும். முன்னது தூரம் செல்லும். ஆனால் நெரிசல் மிக்கது. பின்னது வேகமானது, சுவரைக் கண்டாற் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ கணினி இருந்தால் 5ஐத் தெரிவதும், இரண்டு கற்சுவர் தாண்டியிருந்தால் 2.4ஐத் தெரிவதும் பொருந்தும். நெரிசல் என்பது வெறும் சொல் அன்று. 1985ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு இப்பட்டையை அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதனாலேயே வைஃபை பிறந்தது. அதனாலேயே நெரிசலும் பிறந்தது. நுண்ணலை அடுப்பும் புளூடூத் கருவியும் இப்பட்டையிலேயே இயங்குகின்றன. குசினியில் அடுப்பு ஓடும் சில நிமிடங்களில் மட்டும் அழைப்பு அறுந்தால், காரணத்தை அங்கே தேடலாம். அயல் வீடுகளும் இதில் அடங்கும். 2.4 பட்டையில் ஒன்றையொன்று மிதிக்காத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. பெரிய வளவுகளுள்ள கிராமத்தில் இது பொருட்டன்று. நல்லூர், கொக்குவில் போன்ற நெருக்கமான பகுதிகளில், அயலார் எந்தத் தடத்தில் இருக்கிறார்கள் என்று கைத்தொலைபேசிச் செயலி ஒன்றினாற் பார்த்து, நெரிசல் குறைந்த தடத்துக்கு மாறுதல் நல்லது.

வீட்டுக்குள்ளேயும் ஒரு நெரிசல் உண்டு. வைஃபை ஒரு சபை போன்றது. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். பேசுமுன் ஒவ்வொரு கருவியும் செவிகொடுத்து, மற்றவர் பேசவில்லை என்று கண்டபின்னரே வாய் திறக்கிறது. தொலைவில் இருக்கும் கருவி, கேளாத காதினருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லையும் நீட்டி மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பேசி முடியும்வரை அருகிலிருக்கும் வேகமான கருவியும் காத்திருக்கிறது. பின் கொட்டிலில் ஒருவர் பழைய தொலைபேசியிற் படம் பார்த்தால் வீடு முழுவதும் மந்தமாவது இதனாலேயே.

கல்வீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: எதிரொலி. அலை சுவர்களிற் பட்டுத் தெறித்து, நேரே வந்த அலையோடு சற்றுப் பிந்திக் கலந்து குழப்புகிறது. கம்பியில்லா வலையமைப்பைக் கண்டவர்களுக்கு நெடுங்காலம் தலையிடியாய் இருந்தது இதுவே. அதனைத் தீர்த்தவர்களுள் அவுஸ்திரேலியாவின் ஜோன் ஓ'சலிவன் என்னும் வானொலி வானியலறிஞர் ஒருவர். வெடித்துச் சிதறும் சிறு கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய மெல்லிய துடிப்புகளை அவர் முன்னர் தேடினார். துடிப்பு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் சிதைந்து வரும் அலையைச் சீர்படுத்த அவர் பயின்ற கணிதம், அவரையும் அவர் சகாக்களையும் அறைக்குள் எதிரொலிக்கும் அலையைச் சீர்படுத்தும் வழிக்கு இட்டுச்சென்றது. வேகமான ஒரே ஓட்டத்தைப் பல மெதுவான கிளைகளாகப் பிரித்து அனுப்பும் அம்முறைக்கு 1996ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1997ஆம் ஆண்டின் முதல் வைஃபை நியமம் நொடிக்கு 2 மெகாபிட்டையே தந்தது; இன்று அதன் நூற்றுக்கணக்கான மடங்கு வேகம் வீடுகளிற் கிடைக்கிறது. வானத்தில் தேடியது கிடைக்காமல் வீட்டறைக்கு மருந்து கிடைத்த கதை இது.

கணினியின் சொந்தக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய கணினிகள் சிலவற்றுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் பட்டை தெரியாது, சிறிய யூ.எஸ்.பி. வைஃபை குச்சி ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். மேசைக் கணினியின் பின்புறத்தில் அக்குச்சியைச் செருகினால், கணினியின் இரும்பு உடலே அதனை மறைத்துவிடும். மேலும் மூன்றாம் தலைமுறை யூ.எஸ்.பி. கருவிகள் 2.4 பட்டையில் இரைச்சல் எழுப்புவனவாகும். வெளி வன்தட்டுக்கு அருகே குச்சி இருப்பின் வேகம் விழும். ஒரு முழ நீட்டுக்கம்பி ஒன்றைப் பூட்டிக் குச்சியை மேசைமேல் நிறுத்தினால் இரண்டு குறையும் தீரும். கணினி தனக்குள் இரகசியமாகப் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருப்பதும், தொலைபேசிகள் படங்களையெல்லாம் எங்கோ ஏற்றிக்கொண்டிருப்பதும் வழக்கம். இவற்றை இரவுக்குத் தள்ளிவைக்கலாம்.

கம்பியால் அளந்தபோதே வேகம் குறைந்திருந்தாற் காரணம் வேறு. பல பொதிகளுக்கு மாத வரம்பு உண்டு. வரம்பு தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படும். மாதக் கடைசியில் மட்டும் மந்தமென்றால் அதுவே காரணம். நாலாந் தலைமுறைக் கைத்தொலைபேசி அலையைப் பெற்று வைஃபையாக்கும் ரவுட்டர் வைத்திருப்போர்க்குச் சிக்கல் இரட்டிப்பாகும். அப்பெட்டி கோபுரத்தையும் கேட்கவேண்டும், கணினியோடும் பேசவேண்டும். அதனைக் கோபுரப் பக்கத்து யன்னலோரம், முடிந்தால் மாடியில் வைத்து, அங்கிருந்து கணினிக்குக் கம்பி இழுப்பதே சிறப்பு. கோபுரத்தின் கொள்ளளவும் அப்பகுதியார் அனைவருக்கும் பொதுவானது. மாலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒருங்கே வருவார்கள். ரொறன்ரோவில் அப்போது காலை எட்டரை அல்லது ஒன்பதரை. பிள்ளைகள் அழைக்கும் நேரமும் அதுவே. அழைப்பை இங்குள்ள விடியற்காலைக்கு, அவர்களுடைய முன்மாலைக்கு, மாற்றிப் பார்த்தவர்கள் அதே பொதியில் முகம் தெளிவாகத் தெரிவதைக் காண்பார்கள்.

வெளிவழியே அற்ற இடங்களும் உண்டு. 2021ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இணைய அலை தேடிக் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறிச்சென்ற செய்தியை உலகம் படித்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்டபோது, வீட்டு ரவுட்டர்கள் அணைந்ததோடு கோபுரங்களும் மின்கலங்களை நம்பி நின்றன. அத்தகைய குறையை வீட்டுக்காரர் ஆணியடித்துத் தீர்க்க இயலாது. அதற்கு நிறுவனத்தையும் அரசையுமே கேட்கவேண்டும். தம் வீட்டுச் சுவரின் குறை எது, ஊரின் குறை எது என்று பிரித்தறிந்தவரே அதை உரத்துக் கேட்க முடியும்.

இடம் மாற்றியும் உள்ளறைக்கு அலை எட்டவில்லையானால், அலையை மீண்டும் அனுப்பும் பெட்டி ஒன்று கடைகளில் உண்டு. அதனை அலை இல்லாத அறையிலேயே வைப்பது பலரும் செய்யும் தவறு. கேளாததை அது எவ்வாறு திருப்பிச் சொல்லும்? நடுவழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் அதனை வைக்க வேண்டும். கேட்டலும் சொல்லலும் ஒரே தடத்தில் நடப்பின் வேகம் பாதியாகும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். எல்லாவற்றினும் உறுதியானது கம்பியே. வலையமைப்புக் கம்பி 100 மீற்றர் வரை தளராது செல்லும். எந்தக் கல்வீடும் அவ்வளவு நீளமன்று. வலிகாமத்து வீட்டுக்காரர் கூடிய பொதிக்கு மேலதிகமாகக் கட்டிய சில மாதக் கட்டணத்தில் இக்கம்பியை வாங்கி, விறாந்தை வளையோடு சேர்த்துக் கட்டி உள்ளறைக் கணினிக்குக் கொண்டுவந்திருக்கலாம். பழைய பொதியே போதுமாயிருந்திருக்கும்.

கம்பி இழுப்போர் ஒன்றை மறத்தலாகாது. வீட்டிலிருந்து வளவுக்குள் நிற்கும் வேறு கட்டிடத்துக்கு வெட்டவெளியிற் செம்புக் கம்பி ஓடினால், ஐப்பசி மழையோடு வரும் மின்னல் அவ்வழியே இரு பக்கத்துக் கருவிகளையும் சேதப்படுத்தக்கூடும். முழக்கம் தொலைவிற் கேட்கும்போதே கம்பியையும் மின்செருகியையும் கழற்றிவிட வேண்டும். தென்னையிற் கட்டிய வானொலிக் கம்பிக்கும் அந்நாளில் இதையே செய்தார்கள்.